வரியின் நடுவே மாறும் எழுத்து

பழனி வட்டாரத்துத் தொப்பம்பட்டியானாலும் திண்டுக்கல் பேகம்பூரானாலும், நம் இல்லங்களுக்கு வரும் நிக்காஹ் அழைப்பிதழ்களின் நெற்றியில் பெரும்பாலும் பிஸ்மில்லாஹ் அரபு எழுத்தில் இருக்கும். அதன் கீழே மணமக்கள் பெயரும் நாளும் இடமும் தமிழில் தொடரும். ஒரே தாளில் ஒரு பகுதிக்கு மட்டும் எழுத்துரு மாறுவது நமக்குப் பழகிப்போன காட்சி. அந்தச் சிறு மாற்றத்தைப் பிழையின்றிச் செய்வதற்கு நம் முன்னோர் பட்ட பாடும், இன்று நாம் காட்டவேண்டிய கவனமும் சற்றே சிந்திக்கத் தக்கவை.

மாற்றம் எதற்கு, அரபுச் சொல்லையும் தமிழிலேயே எழுதிவிடலாமே என்று கேட்கலாம். ‘கல்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நாவின் அடிப்பகுதியில் பிறக்கும் காஃபைக் கொண்டு ஓதினால் அது இதயம். சற்று முன்னே பிறக்கும் மற்றொரு காஃபைக் கொண்டு ஓதினால் அது நாய். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. பேச்சிலும் கட்டுரையிலும் இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம். இறைவசனத்தில் அவ்வாறு ஊகிக்க இடம் தரலாகாது. அதனால்தான் வசனம் வருமிடத்தில் எழுத்தே மாறவேண்டியதாயிற்று.

இச்சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட முதல் தீர்வு அரபுத்தமிழ். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு, தமிழையே வலமிருந்து இடமாக எழுதினர். கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றினார்கள். வசனமும் விளக்கமும் ஒரே எழுத்தில் அமைந்ததால், வரியின் நடுவே எழுத்து முறையை மாற்றும் தேவை எழவில்லை. கல்லச்சும் இதற்குத் துணைநின்றது. 1796 அளவில் ஜெர்மானியரான செனிஃபெல்டர் கண்டறிந்த அம்முறையில், எழுத்தர் கையால் எழுதியது அப்படியே தாளில் பதியும். எழுத்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதுகோலின் வேலையே.

ஈய அச்சில் நிலைமை வேறு. தமிழ் எழுத்துகள் 1578லேயே கொல்லத்தில் அச்சேறிவிட்டன. அரபு எழுத்தோ சொல்லின் முதல், இடை, கடை, தனி என்று நிற்குமிடத்துக்கேற்ப வடிவம் மாறுவது. அதன்மேல் ஹரகத்துகளும் அமரவேண்டும். இத்தாலியின் வெனிஸ் நகரில் பகனினி குடும்பத்தார் 1537–38 அளவில் திருக்குர்ஆனை ஈய எழுத்தில் அச்சிட்டனர். தால் என்னும் எழுத்தையும், அதன்மேல் ஒரு புள்ளி பெறும் தாலையும் அவர்களுடைய அச்சு சரிவரப் பிரித்துக் காட்டவில்லை. அப்பதிப்பில் இன்று அறியப்படுவது ஒரே ஒரு படி. அது 1987இல் அந்நகரின் மடாலய நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அச்சுக் கோப்பவர் ஓதத் தெரியாதவராயின் ஒரு புள்ளியும் பொருளைப் புரட்டிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிற்காலத்தில் தமிழ் எழுத்து மட்டுமே வைத்திருந்த அச்சகங்களுக்கு எளிய வழி பிளாக்தான். எழுத்தர் எழுதித் தந்த வசனத்தைத் துத்தநாகத் தகட்டில் எடுத்துத் தமிழ் எழுத்துகளின் நடுவே பொருத்திவிடலாம்.

கணினி வந்ததும் எல்லாம் எளிதாயிற்று என்று எண்ணினோம். புதிய சிக்கலும் உடன் வந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்தவை. திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் கணினி சேமித்துவைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசையையே. அப்பகுதியின் எழுத்துருவை மாற்றினால் சொல்லே குலைந்துவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தாம், தாப் குறியீடுகள் பரிந்துரைக்கப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டு. எழுத்துரு என்பது அதற்கு உடுத்தும் ஆடை மட்டுமே. ஆடையை மாற்றினாலும் ஆள் மாறுவதில்லை.

எனினும் குர்ஆன் வசனத்தில் இன்றும் விழிப்பு தேவை. சிரியா நாட்டு எழுத்தர் உஸ்மான் தாஹா அவர்களின் கையெழுத்தில் அமைந்த மதீனா முஸ்ஹஃப் 604 பக்கங்கள் கொண்டது. அதனைக் கணினியில் அச்சு அசலாகக் காட்டுவதற்கென்று, பக்கத்துக்கு ஒன்றாக 604 எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒவ்வொரு குறியும் ஒரு முழுச் சொல்லின் வடிவம். அங்கிருந்து ஒரு வசனத்தை எடுத்து நம் கட்டுரையில் ஒட்டி, வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் வசனம் மறைந்து பொருளற்ற குறிகளே மிஞ்சும். ஒருங்குறி அரபிலும், தேர்ந்தெடுத்த எழுத்துருவில் ஒரு குறி இல்லையெனில் கணினி மற்றோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். ஹரகத் இடம் பெயரலாம். இடமிருந்து செல்லும் தமிழும் வலமிருந்து வரும் அரபும் சந்திக்குமிடத்தில் அடைப்புக்குறியும் வசன எண்ணும் தடம் மாறுவதும் உண்டு.

ஆகவே பள்ளிவாசல் அறிவிப்போ நிக்காஹ் அழைப்போ மதரஸா மலரோ தயாரிக்கும்போது சிலவற்றைக் கடைப்பிடிப்போம். வசனத்தை ஒருங்குறி அரபிலேயே பெறுவோம். ஆவணத்தில் ‘வசனம்’ என்ற பெயரில் ஒரு ஸ்டைல் அமைத்து, எழுத்துரு, அளவு, வலமிருந்து இடமாகச் செல்லும் திசை ஆகிய மூன்றையும் அதிலேயே குறித்துவைப்போம். அதன்பின் முழு ஆவணத்தின் எழுத்துருவையும் ஒரே சொடுக்கில் மாற்றும் பழக்கத்தைக் கைவிடுவோம். அச்சுக்கு அனுப்பும் இறுதிப் படியை, திரையில் பார்த்த அளவில் நிறுத்தாமல், தாளில் எடுத்து ஓதத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுவோம்.

கல்லில் எழுதிய முன்னோர்க்கு நம்மிடமுள்ள வசதி எதுவும் இருக்கவில்லை. இருந்தும், ஒரு புள்ளி பிழைத்தால் பொருள் பிழைக்கும் என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது. எழுத்துருவை நொடியில் மாற்றும் வசதி பெற்ற நாம் அந்த அச்சத்தையும் சேர்த்துப் பெறவேண்டும். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!