வரைபலகையும் கணனியும்: பேராதனையிலிருந்து ஒரு நோக்கு

ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலி கங்கையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் பேராதனைப் பல்கலைக்கழக வளாகம், கட்டடக் கலையும் இயற்கையும் இயைந்த இடம் எனப் போற்றப்படுவது. 1942 ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கென அமைந்த இவ்வளாகத்தின் பெருந்திட்டத்தைப் பற்றிக் அபர்குரொம்பி, கிளிபர்ட் ஹொலிடே ஆகியோர் வகுத்தனர். அதற்கு உருவங்கொடுத்தவர் பல்கலைக்கழகக் கட்டடக் கலைஞராக விளங்கிய ஷேர்லி டி அல்விஸ். 1952 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் இங்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டிலேயே அவரும் மறைந்தார். அவருடைய கட்டடங்கள் எழுபது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றன. அவை யாவும் வரைபலகையில், கையால் வரையப்பட்ட படங்களிலிருந்து எழுந்தவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று படவரைஞர் கணனியிலேயே வரைகின்றனர். அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் புதிய பதிப்பு வெளிவருகின்றது. புதியதற்கு மாறுவதா, பழையதோடு அமைவதா என்னும் வினா ஒவ்வொரு வரைபட அலுவலகத்திலும் எழுகின்றது. இதனைப் பொருட் செலவு பற்றிய வினாவாகவே பலர் கருதுவர். உண்மையில் இது வரலாறு பற்றிய வினாவுமாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரைபலகைக் காலத்தில் கருவியும் படமும் வெவ்வேறாக இருந்தன. கவராயம் பழையதாயினும், பேனா புதியதாயினும், தாளில் விழுந்த கோடு கோடாகவே நின்றது. 1940களில் வரைந்த படத்தை, தாள் செல்லரிக்காது எஞ்சியிருப்பின், இன்றைய மாணவன் கண்ணால் நோக்கிப் படித்தறிய முடியும். அதனை வரைந்த கருவி எங்குள்ளது என அவன் வினவ வேண்டியதில்லை. 1950 இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு வந்த பொறியியற் பீடத்தின் முதல் தலைமுறை மாணவர் கற்ற வரைதற்கலை இத்தகையதே.

1982 ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவில் ‘ஓட்டோகாட்’ என்னும் மென்பொருள் வெளிவந்தது. சிறு கணனிகளில் இயங்கிய அது, பெருநிறுவனங்களுக்கே உரியதாயிருந்த கணனி வரைதலைச் சிறு அலுவலகங்களுக்கும் எட்டச் செய்தது. இதன் பயன் பெரிது. ஆனால் ஒரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. படம் தாளை விட்டுக் கோப்புக்குள் புகுந்தது. கோப்பைப் படிக்க மென்பொருள் வேண்டும். அதுவும் அக்கோப்பின் அமைப்பை அறிந்த பதிப்பாதல் வேண்டும். அதுகாறும் வேறாயிருந்த கருவியும் படமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன.

இப்பிணைப்பின் விளைவை 1990களின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. 1992 இல் வந்த 12 ஆம் பதிப்பு விரைவும் உறுதியும் வாய்ந்தது எனப் பெயர்பெற்றது. 1994 இன் இறுதியில் வந்த 13 ஆம் பதிப்போ வேகங்குன்றியும் பிழைகள் மலிந்தும் இருந்தது. திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடப்பட்டன. உலகெங்கும் படவரைஞர் பலர் அதனை ஏற்காது 12 ஆம் பதிப்பிலேயே நிலைத்து, 1997 இல் 14 ஆம் பதிப்பு வந்த பின்னரே மாறினர். புதியது யாவும் சிறந்ததன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எனினும் காத்திருந்தோர் என்றும் காத்திருக்க இயலவில்லை. அதற்குக் காரணம் மென்பொருளின் சிறப்பன்று, படத்தின் இயல்பேயாகும். ஒரு கட்டடத்தின் படம் கட்டடக் கலைஞரிடமிருந்து பொறியியலாளருக்கும், அவரிடமிருந்து அளவையாளருக்கும், உள்ளூராட்சி மன்றத்துக்கும் செல்கின்றது. அவர்களுள் ஒருவர் புதிய பதிப்பில் வரைந்தனுப்பினால், பழைய பதிப்பை வைத்திருப்பவர் அதனைத் திறக்க முடியாது. பழைய வடிவில் மாற்றித் தருமாறு கேட்கலாம். ஆனால் மாற்றத்தில் இழப்பு நேரும். 13 ஆம் பதிப்பு நீள்வட்டத்தை நீள்வட்டமாகவே பதிவுசெய்தது. 12 ஆம் பதிப்பின் வடிவுக்கு மாற்றியபோது அது சிறு துண்டுகள் தொடுத்த கோடாக மாறிற்று. கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது, அளவைக்குத் தோன்றும்.

தமிழ் மாணவருக்கு இந்நிலை புதியதன்று. ஓலைச்சுவடி சிதையுமுன் அதனைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுவது நம் முன்னோர் வழக்கம். பெயர்த்தெழுதப்பட்டவை பிழைத்தன, ஏனையவற்றுட் பல அழிந்தன. சுவடிகள் அழிவதைக் கண்டு அவற்றை அச்சேற்ற விரைந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். நம் காலத்திலும் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டெழுதிய தமிழ்க் கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணனியிற் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றுவதைக் காண்கிறோம். ஒருங்குறிக்கு மாற்றப்பட்டவை எங்கும் படிக்கப்படுகின்றன. ஆகவே, கருவியை மாற்றுவது ஒரு பணி. பழையவற்றைப் பெயர்த்தெழுதுவது மற்றொரு பணி. முன்னதைச் செய்து பின்னதை மறப்பதே பெருந்தவறு.

கண்டியைப் பொறுத்தவரையில் இத்தவறு ஏட்டளவில் நிற்பதன்று. மலைச்சரிவிற் கட்டிய மதில் எவ்வளவு ஆழத்தில் ஊன்றப்பட்டது, மழைநீர் வடிகால் எவ்வழி செல்கிறது, எவ்விடத்தில் மண் நிரப்பப்பட்டது என்பன கட்டி முடிந்தபின் கண்ணுக்குப் புலப்படா. அவற்றைச் சொல்வது படம் ஒன்றே. மண்சரிவு அச்சம் நிலவும் ஊரில், முப்பது ஆண்டுகளுக்கு முந்திய படத்தைத் திறக்க முடியாத நிலை உயிரோடு தொடர்புடையது. 1988 இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்ட கண்டி மாநகரின் பழங்கட்டடங்களைப் பேணுவோருக்கும் இக்கூற்றுப் பொருந்தும். ஒரு கட்டடத்தின் ஆயுளில் மென்பொருளின் பதிப்புகள் பல வந்து மறைந்துவிடும்.

மாறும் உரிமையிலும் மாற்றம் நேர்ந்துள்ளது. முன்னர் மென்பொருளை ஒருமுறை வாங்கியவர் விரும்பியவரை அதனைப் பயன்படுத்தலாம். புதியதை மறுக்கவும் செய்யலாம். 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு ஓட்டோகாட்டின் நிறுவனம் நிலையான உரிமங்களைப் புதிதாக விற்பதை நிறுத்தி, காலவரையறைக்குட்பட்ட சந்தா முறைக்கு மாறிற்று. சந்தா செலுத்துபவருக்குப் புதிய பதிப்புத் தானே கிடைக்கும். செலுத்தாதவருக்கு அக்கருவியே இல்லை. முன்னைய வினா ‘மாறுவதா, வேண்டாமா’ என்பது. இன்றைய வினா ‘நம் படங்கள் யார் கையில் உள்ளன’ என்பது.

ஆதலின் முடிவெடுப்போர் மூன்றினை ஆராய்தல் வேண்டும். நாம் யாருடன் படங்களைப் பரிமாறுகிறோம் என்பது ஒன்று. நம்மிடமுள்ள பழைய கோப்புகள் புதிய பதிப்பில் இழப்பின்றித் திறக்கின்றனவா எனச் சோதித்தறிதல் இரண்டாவது. முடிந்த பணியின் படத்தை, எந்நிறுவனத்தையும் சாராத வடிவிலும் நற்றாளிலும் ஒரு படியேனும் காத்துவைத்தல் மூன்றாவது. இம்மூன்றும் நிறைவுற்றால் மாறுவதிற் கேடில்லை. மாறாமற் சிலகாலம் பொறுத்திருப்பதிலும் இழுக்கில்லை.

டி அல்விஸின் கட்டடங்களில் நாம் கற்கின்றோம். நம் காலத்துக் கட்டடங்களிற் கற்கப்போகும் தலைமுறையினர், அவை எவ்வாறு எழுந்தன என அறிய விழைவர். அவர்கள் திறந்து படிக்கத்தக்க படத்தை விட்டுச் செல்வது நமது கடனாகும்.