எஞ்சிய சொல்

1861 ஏப்ரலில், பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், லெபோர்ஞ் என்பாரை மருத்துவர் பால் புரோக்கா ஆய்ந்தார். 21 ஆண்டுகளாக அங்கிருந்த அவர் பிறர் கூற்றைப் பெரிதும் உணர்ந்தார். ஆயினும் ‘டான்’ என்னும் அசையையே மொழிந்தார். சில நாளில் அவர் மறைந்தபின், மூளையின் இடப்புற முன்மடலில் சிதைவு காணப்பட்டது. 1874இல் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பிறர்மொழி உணராதாரை விளக்கினார்.

1956இல் ரோமன் யாக்கப்சன் பேச்சிழப்பு ஆய்வைக் கவிதையியலோடு இணைத்தார். ஒப்புமைவழிச் சொல் தேரும் ஆற்றலை இழந்தோர்க்கு உருவகம் கைகூடாது. ‘விளக்கு’ என வேண்டிய இடத்து, அதனோடு சேர்ந்திருக்கும் ‘மேசை’யைச் சொல்வர். இஃது ஆகுபெயரின் நெறி. தொடர் அமைக்கும் ஆற்றலை இழந்தோர்க்கோ ஒப்புமையே எஞ்சும்.

நாம் அணியெனப் போற்றுவன மொழியின் அடித்தூண்கள் எனில், நோயாளர் மொழியை மதிப்பிடுவோர் பிழைகளை எண்ணுவதோடு அமைதல் தகுமோ? எஞ்சிய வழியைக் காண்டலும் வேண்டும்.