கால்வாய்க்கு வைத்த பெயர்



சென்னப்பட்டணத்தின் பழம்பெருமை பேசுவோர் பெரும்பாலும் கட்டடங்களையே சுட்டுவர். 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இராயபுரம் புகைவண்டி நிலையத்தின் தூண்களைக் காட்டி, “வெள்ளைக்காரன் கட்டியது, இன்றும் நிற்கிறது” என்பர். “அந்தக் காலம்போல வருமா?” என்று பெருமூச்சும் விடுவர். வள்ளூர்வாசியாகிய நான் அத்தூண்களின் அழகை மறுப்பவன் அல்லன். ஆயினும், எங்கள் பக்கத்து நீர்வழியான பக்கிங்காம் கால்வாய் அந்தக் காலத்தைப் பற்றி வேறொரு கதை சொல்லுகிறது.

தொடக்கத்தில் அது வணிகர் கால்வாய். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டப்பட்ட பகுதி, வெட்டுவித்த பாசில் காக்ரேன் பெயராலேயே வழங்கிற்று. பின்னர் அது வடக்கே பழவேற்காட்டையும் கடந்து நீண்டது. விறகும் உப்பும் தானியமும் படகேறிப் பட்டணம் வந்தன. ஆனால் நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் வழி இல்லை. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்விணைப்பு 1877-78-இல் வெட்டப்பட்டது. வெட்டியவர் யாவர்? தாது வருஷப் பஞ்சத்தில் பிழைப்பிழந்து, நிவாரண வேலை தேடி வந்த ஏழை மக்கள்.

அவர்கள் பெற்ற கூலியையும் அறிய வேண்டும். 1877-இன் தொடக்கத்தில், பஞ்சச் செலவைச் சுருக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், ஓர் ஆடவனின் நாட்கூலியை ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் ஓரணாவும் எனக் குறைத்தார். ஓர் இராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். நாள் முழுதும் உழைக்கும் உடல் இதனால் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில திங்களுக்குப் பின்னரே கூலி உயர்ந்தது.

கால்வாய் இணைந்ததும், 1878-இல் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தவருள் ஒருவர் பெயரையேனும் அதன் கரையில் நான் கண்டதில்லை.

பெயரை மாற்றுக என்பதன்று என் வாதம். பெயரை அழித்தால் பஞ்சத்தின் சான்றும் உடன் மறையக்கூடும். அப்பெயரைச் சொல்லும்போது, அதன் அடியில் கிடக்கும் பெயரற்றோரையும் நினைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அவர்களை மறந்தமையாலன்றோ, அவர்கள் பசியோடு வெட்டித் தந்த நீர்வழியைச் சாக்கடையாக்கிவிட்டோம்! எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அது தூர்ந்து கிடக்கிறது. தூண்களுக்குச் சுண்ணாம்பு பூசுவது மட்டும் வரலாற்றைப் போற்றுவதாகாது. உழைத்தோர் விட்டுச் சென்றதைக் காப்பதும் வரலாற்றுக் கடமையே.