ஒரே புரதம், பல பதிவேடுகள்

செக்ரோலில் ஒரு பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறு பெயர் என்றால் நாம் படும் பாடு கொஞ்சமா? உயிரியல் அறிஞர்களுக்கும் இதே தொல்லைதான்.

1965இல் அமெரிக்காவில் மார்கரெட் டேஹாப் அம்மையார் 65 புரதங்களை ஒரே நூலில் தொகுத்தார். பிறகு களஞ்சியங்கள் பெருகின. 1971இல் புரத வடிவங்களுக்கென ஒன்று; 1986இல் சுவிட்சர்லாந்தில் 'சுவிஸ்-புரோட்'. ஒவ்வொன்றிலும் தனித்தனி எண். சர்க்கரை வியாதியில் நாம் கேள்விப்படும் இன்சுலினையே பார்ப்போம். சுவிஸ் பதிவில் மனித இன்சுலின் பி01308. வடிவக் களஞ்சியத்திலோ வேறு பல எண்கள். மாற்றிப் பொருத்தினால் ஆராய்ச்சியே வழிதவறும்.

2008இல் 'ஸ்பார்க்கிள்' என்னும் வினவல் மொழி இணையத் தரமாக ஏற்கப்பட்டது. 2013இல் வந்த திருத்தத்தால், ஒரே கேள்வி பல களஞ்சியங்களின் கதவைத் தட்டி விடை கொணர வழி பிறந்தது. ஆனால் இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒன்றுக்கே உரியவை என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டுமே! சுவிஸ்-புரோட் பதிவுகளை இன்றும் அறிஞர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துச் சரிபார்த்தே எழுதுகிறார்கள்.