பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகிடல்

பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகிடல் என்பது, ஸ்கீ என்று அழைக்கப்படும் பனிச்சறுக்குப் பலகையின் அடிப்பரப்பில் மெழுகை உருக்கி ஏற்றி, ஆறிய பின் மிகுதியைச் சுரண்டி நீக்கித் துலக்கும் பராமரிப்புச் செயல் ஆகும். புதிதாக வாங்கிய பலகைகளை முதன்முறை பயன்படுத்துவதற்கு முன் இவ்வாறு தயார் செய்வது ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஆல்ப்ஸ் மலைப்பகுதிகளிலும் பரவலான வழக்கம். தொழிற்சாலையில் பூசப்பட்டிருக்கும் மெல்லிய மெழுகு, போக்குவரத்தின்போதும் கிடங்கில் இருக்கும்போதும் அடிப்பரப்பைக் காப்பதற்கே பெரிதும் உதவுகிறது. சறுக்குவதற்கு அது போதுமானதன்று.

சறுக்கலின் அறிவியல்

பலகையின் அழுத்தத்தால் பனி உருகுகிறது, அதனால்தான் பலகை வழுக்குகிறது என்ற விளக்கம் பள்ளி நூல்களில் நெடுங்காலம் இடம்பெற்று வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் இது பொருந்தவில்லை. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை ஏறத்தாழ 0.0075 பாகை செல்சியசு மட்டுமே குறையும். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் இரண்டு பலகைகளின் மீது நிற்கும்போது பனியின் மீது ஏற்படும் சராசரி அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் சிறு பகுதியே.

பிரித்தானிய அறிவியலாளர்களான பௌடன், ஹியூஸ் ஆகியோர் 1939ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, உராய்வினால் தோன்றும் வெப்பமே பனியின் மேற்புறத்தை உருக்குகிறது என்று காட்டியது. பலகைக்கும் பனிக்கும் இடையே தோன்றும் மிக மெல்லிய நீர்ப்படலம் உயவுப்பொருளாகச் செயற்படுகிறது. கடுங்குளிரில் இந்நீர் போதாமையால் உலர்ந்த பனிப்படிகங்கள் பலகையை உரசுகின்றன. பனி ஈரமாக இருக்கும்போது நீர் மிகுந்து, இரண்டு ஈரக் கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதைப் போல் பலகையைப் பிடித்து இழுக்கிறது. மெழுகின் தேர்வு முழுவதும் இவ்விரு எல்லைகளுக்கு இடையிலான சமரசமே. குளிர்ந்த பனியின் கூரிய படிகங்கள் குத்தி இறங்காதவாறு கடினமான மெழுகும், ஈரப்பனிக்கு நீரை விலக்கும் மென்மையான மெழுகும் பயன்படுகின்றன.

அடிப்பரப்பு

தற்காலப் பலகைகளின் அடிப்பரப்பு மிக உயர்ந்த மூலக்கூற்று எடை கொண்ட பாலியெத்திலீனால் ஆனது. விலை குறைந்த பலகைகளில், உருக்கிப் பிதுக்கித் தகடாக்கப்பட்ட பாலியெத்திலீன் காணப்படும். விலை உயர்ந்தவற்றில், பாலியெத்திலீன் தூளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கிக் கட்டியாக்கி, அதிலிருந்து மெல்லிய பட்டைகளாகச் சீவி எடுக்கப்பட்ட அடிப்பரப்பு இருக்கும். முன்னது பராமரிக்க எளிது. பின்னது மெழுகை மிகுதியாக ஏற்கும். பல அடிப்பரப்புகள் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அவற்றில் கலக்கப்படும் கார்பன் கரி அல்லது கிராஃபைட்டு ஆகும்.

அடிப்பரப்பில் நுண்துளைகள் உள்ளன என்றும், சூட்டில் அவை திறந்து மெழுகைக் குடித்துப் பின் மூடிக்கொள்கின்றன என்றும் விற்பனையாளர்கள் கூறுவது உண்டு. இது நினைவில் வைக்க எளிய உவமையே அன்றி உண்மை அன்று. பாலியெத்திலீனில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பகுதிகளும், ஒழுங்கற்ற பகுதிகளும் கலந்துள்ளன. சூடான மெழுகின் மூலக்கூறுகள் ஒழுங்கற்ற பகுதிகளுக்குள் விரவுகின்றன. விரவுதலுக்கு வெப்பமும் நேரமும் தேவை என்பதால்தான் புதுப் பலகைக்கு ஒரு முறை மெழுகிட்டால் போதுவதில்லை.

புதுப் பலகையைத் தயார் செய்தல்

முதலில் செய்ய வேண்டியது பார்வையிடல். நேரான எஃகுக் கோல் ஒன்றை அடிப்பரப்பின் குறுக்கே வைத்து, எதிரே விளக்கைப் பிடித்துப் பார்த்தால், பரப்பு சமமாக உள்ளதா என்பது தெரியும். விளிம்புகள் உயர்ந்து நடுப்பகுதி குழிந்திருந்தால் பலகை திரும்ப மறுக்கும். நடுப்பகுதி புடைத்திருந்தால் திசை நில்லாமல் அலையும். இக்குறைகள் புதுப் பலகைகளிலும் இருக்கக்கூடும். அவற்றை மெழுகால் சரிசெய்ய இயலாது. கடையில் கல் சக்கரத்தில் தேய்த்தே சமப்படுத்த வேண்டும். எஃகு விளிம்புகளில் நுண்ணிய பிசிறுகள் இருந்தால் மென்மையான தேய்ப்புக்கல்லால் நீக்கலாம்.

காலணியைப் பலகையுடன் இணைக்கும் பிணைப்பானைப் பொருத்துவதும், விழும்போது அது கழன்றுகொள்ளும் அளவை அமைப்பதும் பயிற்சி பெற்றவரின் வேலை. மலைச்சரிவில் இறங்குவதற்கான பலகைகளில் இவ்வளவு, பயன்படுத்துபவரின் எடை, உயரம், அகவை, திறன், காலணி அடியின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்தது. மெழுகைப் பொறுத்தமட்டில் தவறு செய்தால் வேகம் குறையும். இதில் தவறு செய்தால் கால் எலும்பு முறியும்.

அடுத்தது தூய்மை செய்தல். இதற்கு வேதிக் கரைப்பானை விட மெழுகே சிறந்தது. ஈரப்பனிக்கு உரிய மென்மையான மெழுகை உருக்கிப் பூசி, அது ஆறி இறுகும் முன்னரே சுரண்டி எடுத்தால், தொழிற்சாலை மெழுகும், தேய்ப்பின்போது தங்கிய துகள்களும் அதனுடன் வந்துவிடும். சுரண்டிய மெழுகு சாம்பல் நிறம் மாறித் தூய்மையாக வரும்வரை இதைத் திரும்பச் செய்வர். கரைப்பானோ ஏற்கெனவே உள்ளே விரவிய மெழுகையும் வெளியேற்றிப் பரப்பை உலர்த்திவிடுகிறது. பின்னர் வெண்கலத் தூரிகையால் முனையிலிருந்து வால் நோக்கி ஒரே திசையில் துலக்க வேண்டும்.

இதன்பின் மெழுகு ஏற்றப்படுகிறது. மெழுகுக் கட்டியை இஸ்திரிப் பெட்டியின் மீது வைத்து, உருகும் துளிகளைப் பலகையின் நெடுகிலும் விழச்செய்து, பெட்டியால் பரப்ப வேண்டும். இங்கே வெப்பநிலை முக்கியம். மெழுகுகள் பலவற்றுக்கு 120 முதல் 140 பாகை வரையிலான பெட்டிச் சூடு பரிந்துரைக்கப்படுகிறது. அடிப்பரப்பின் பாலியெத்திலீனோ ஏறத்தாழ 135 பாகையில் உருகத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு என்பதால் பெட்டியை ஓரிடத்திலும் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். துணி தேய்க்கும் பெட்டியின் சூடு ஏறியிறங்கும் இயல்புடையது. மெழுகிடுவதற்கென்றே செய்யப்படும் பெட்டிகளின் தடித்த அடித்தகடு சூட்டை நிலையாக வைத்திருக்கிறது. மெழுகு புகைந்தால் சூடு மிகுதி என்று பொருள். பலகையின் மேற்புறத்தைத் தொடும்போது இளஞ்சூடு தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். சூடு மிஞ்சினால் அடிப்பரப்பு உருகி மூடிக்கொள்ளும், பலகையின் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசையும் நெகிழலாம்.

அறையின் வெப்பநிலையில் குறைந்தது அரைமணி நேரம் ஆறவிட்ட பின், அக்கிரிலிக் சுரண்டியால் மெழுகு முழுவதும் நீக்கப்படுகிறது. புதியவர்கள் தயங்கும் இடம் இதுவே. பாடுபட்டுப் பூசியதைச் சுரண்டி எறிவது வீண் எனத் தோன்றும். ஆனால் வேலை செய்வது உள்ளே விரவிய மெழுகும் மேலே எஞ்சும் மிக மெல்லிய படலமுமே. கண்ணுக்குத் தெரியும் தடிப்பில் மெழுகு இருந்தால், தேய்ப்புக்கல் அடிப்பரப்பில் பொறித்த நுண்வரிகளை அது மூடிவிடும். நீரை வழிந்தோடச் செய்பவை அவ்வரிகளே. எனவே சுரண்டிய பின் நைலான் தூரிகையாலும் குதிரைமுடித் தூரிகையாலும் வரிகளுக்குள் தங்கிய மெழுகும் வெளியேற்றப்படுகிறது.

பொழுதுபோக்குக்கான பலகைகளுக்கு இச்சுற்றை மூன்று அல்லது நான்கு முறை செய்வது போதும். பந்தயப் பலகைகளுக்குப் பத்து முறைக்கு மேலும் செய்வோர் உண்டு. முதலில் மென்மையான மெழுகும் இறுதியில் அன்றைய பனிக்கு உரிய மெழுகும் இடப்படும். பருவம் முடிந்ததும் மென்மையான மெழுகைப் பூசிச் சுரண்டாமல் வைத்தால், அடிப்பரப்பு உலராமலும் எஃகு விளிம்பு துருப்பிடிக்காமலும் இருக்கும்.

பிடிமான மெழுகு

சமதரையிலும் காட்டுப்பாதைகளிலும் நெடுந்தொலைவு செல்வதற்கான பலகைகளில் மரபு நடைக்கு உரியவை வேறுவகை. இவற்றின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும். கால் ஊன்றி உதைக்கும்போது அப்பகுதி பனியில் அழுந்திப் பிடிக்க வேண்டும். சறுக்கும்போது விலகி நிற்க வேண்டும். ஆகவே நடுப்பகுதிக்கு வழுக்கும் மெழுகு இடக்கூடாது. அங்கே பிடிமான மெழுகு பூசப்படும். இம்மெழுகுகள் நிறத்தால் அறியப்படுகின்றன: பச்சை கடுங்குளிருக்கும், நீலம் சற்றுக் குறைந்த குளிருக்கும், ஊதாவும் சிவப்பும் சுழியப் பாகையை ஒட்டிய பனிக்கும் உரியவை. செதில் வடிவம் பொறித்த அல்லது மயிர்த்தோல் பட்டை ஒட்டிய பலகைகளுக்குப் பிடிமான மெழுகு தேவையில்லை. முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் வழுக்கும் மெழுகு இட்டால் போதும்.

வரலாறு

யோகான்னஸ் ஷெஃபர் 1673இல் இலத்தீனில் வெளியிட்ட லாப்லாந்து பற்றிய நூலில், பலகைக்குப் பைன் மரக் கீலும் குங்கிலியமும் பூசுவது பற்றிய குறிப்பு உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் நீண்ட பலகைகளில் பந்தயம் நடத்தினர். தாமே காய்ச்சிய மெழுகுக் கலவைகளின் செய்முறையை மறைபொருளாகக் காத்தனர். ஈரமான, மீண்டும் உறைந்த பனிக்கு உரிய பசை வடிவ மெழுகுக்கு நார்வேயின் பேட்டர் ஓஸ்ட்பி 1913இல் காப்புரிமை பெற்றார். 1946இல் ஸ்வீடனில் தொடங்கிய ஸ்விக்ஸ், நிறங்களால் வகைப்படுத்தப்பட்ட செயற்கை மெழுகுகளைப் பரப்பியது.

ஃபுளோரின் தடை

1980களின் பிற்பகுதியிலிருந்து ஃபுளோரோகார்பன் கலந்த மெழுகுகள் பந்தயங்களை ஆண்டன. ஈரப்பனியில் நீரையும் அழுக்கையும் விலக்குவதில் அவற்றுக்கு நிகர் இருக்கவில்லை. ஆனால் அச்சேர்மங்கள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை; உயிரினங்களின் உடலில் தங்குகின்றன. மூடிய அறைகளில் ஆண்டுக்கணக்கில் மெழுகிட்ட தொழில்நுட்பர்களின் குருதியில் அவை பொதுமக்களை விடப் பல மடங்கு மிகுதியாகக் காணப்பட்டன. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2019 நவம்பரில் தடையை அறிவித்தது. சோதனைக் கருவிகள் ஆயத்தமாகாமையால் தள்ளிவைத்து, 2023–24 பருவத்திலிருந்து முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அப்பருவத்தின் தொடக்கமாக 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டனில் நடந்த உலகக்கோப்பைப் போட்டியிலேயே ஒரு நார்வே வீராங்கனை பலகையில் ஃபுளோரின் கண்டறியப்பட்டுத் தகுதியிழந்தார்.

புதுப் பலகை வாங்குவோருக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய தூரிகைகளிலும் இஸ்திரிப் பெட்டிகளிலும் தங்கியிருக்கும் ஃபுளோரின் மெழுகு புதுப் பலகைக்கு எளிதில் ஒட்டிக்கொள்ளும். போட்டியில் பங்கேற்கும் மாணவர்கள் இரவல் கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. எவ்வகை மெழுகானாலும் காற்றோட்டமுள்ள இடத்திலேயே உருக்க வேண்டும்.

மெழுகு தேவையா என்ற விவாதம்

மெழுகிடுவதே தேவையற்றது என்ற கருத்தும் உள்ளது. லியோனிட் குஸ்மின் 2006இல் ஸ்வீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், மெழுகிட்ட பரப்பு அழுக்கை ஈர்க்கிறது என்றும், கூரிய எஃகுச் சுரண்டியால் சீர்செய்த மெழுகற்ற பாலியெத்திலீன் பரப்பு அதற்கு ஈடுகொடுக்கும் என்றும் வாதிட்டார். பந்தய அணிகள் இதனை ஏற்கவில்லை; தொடர்ந்து மெழுகிட்டே வருகின்றன. பொழுதுபோக்காகச் சறுக்குபவர்களைப் பொறுத்தவரை, மெழுகின் வகையை விட அடிப்பரப்பின் நுண்வரிகளும் அன்றைய பனியின் இயல்புமே பெரும்பாலும் மிகுந்த வேறுபாட்டைத் தருகின்றன. எனினும் பராமரிக்காமல் விட்ட அடிப்பரப்பு, குறிப்பாக எஃகு விளிம்பை ஒட்டிய பகுதி, கடினமான பனியில் உராய்ந்து நாளடைவில் வெளுத்து இழையிழையாகிவிடுகிறது. அந்நிலைக்கு வந்த பரப்பை மீண்டும் கல்லில் தேய்த்தே சீராக்க இயலும். ஒவ்வொரு தேய்ப்பிலும் அடிப்பரப்பின் தடிப்பு குறைகிறது.