துப்பாக்கிப் பெயர்களின் ஏற்றமும் இறக்கமும்: என்ஃபீல்டு முதல் திருச்சி வரை

உத்தமபாளையம் கடைவீதியில் துப்பாக்கி செய்தவர்களின் இரண்டு பெயர்கள் அன்றாடம் கண்ணில் படுகின்றன. ஒன்று சைக்கிளில், மற்றது புல்லட்டில். பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலாளர்கள் 1861-இல் கூடித் தொடங்கிய நிறுவனம். சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் அதன் சின்னம். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அப்பெயரைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்தது. என்ஃபீல்டு, லண்டனுக்கு வடக்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சைக்கிள் நிறுவனம் அப்பெயரையே சூடிக்கொண்டு பீரங்கியைச் சின்னமாக வைத்தது. 1955-இல் அந்நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் பிறந்த கூட்டு நிறுவனம் திருவொற்றியூரிலிருந்து புல்லட்டை அனுப்பத் தொடங்கியது. என்ஃபீல்டின் துப்பாக்கித் தொழிற்சாலை 1988-இல் மூடப்பட்ட பிறகும் வண்டியின் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை.

துப்பாக்கியாக என்ஃபீல்டு பட்ட பாடு வேறு. 1853-ஆம் ஆண்டு மாதிரி ரைபிள் தொலைவிலும் குறி தவறாத, அக்காலத்துச் சிறந்த ஆயுதங்களுள் ஒன்று. இந்தியாவில் அதன் பெயரைக் கெடுத்தது இரும்போ மரமோ அல்ல, பல்லால் கடித்துத் திறக்க வேண்டிய தோட்டாவின் மேல் தடவப்பட்டிருந்த கொழுப்பு. 1857-இல் அது பசுவின் கொழுப்பா பன்றியின் கொழுப்பா என்று கேட்ட சிப்பாய்க்கு நம்பத்தக்க பதில் சொல்லக் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஆளில்லை. அதே என்ஃபீல்டின் பெயரைத் தாங்கி வந்த லீ-என்ஃபீல்டு வங்காளத்தின் இச்சாப்பூரில் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. ‘த்ரீ நாட் த்ரீ’ என்ற பெயரில் காவலர்களின் தோளில் பல தலைமுறை கிடந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடை கொடுத்தது 2020 ஜனவரியில்தான். ஒரே பெயர் ஒரே நாட்டில் அவநம்பிக்கைக்கும் பெருநம்பிக்கைக்கும் உரியதானதைப் பொறியியலைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

துப்பாக்கியைக் கையாள அனுமதி பெற்றவர் யார், பழுதானால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார், அந்தப் பதில் வெளியே வருகிறதா என்பவையே அதன் பெயரை ஏற்றவும் இறக்கவும் செய்கின்றன என்பது என் வாதம்.

உத்தமபாளையம் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கில் முதற்கேள்விக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பொதுமக்களின் கையிலிருந்து துப்பாக்கியை விலக்கி வைத்தது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்கென்று வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே முதலில் குறிப்பிடுகிறது. மேகமலை அடிவாரத்தில் காட்டுப்பன்றிக்கு அஞ்சிக் கண்விழிக்கும் விவசாயி உரிமம் கேட்டால் அந்தப் பிரிவின் கீழ்தான் கேட்க வேண்டும். அவ்வகை நாட்டுத் துப்பாக்கிக்கு ஊரறிந்த முத்திரை ஏது? அதுவும் தேர்தல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போய்விடும். 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதிக்குத் தடை வந்ததும் பழைய வெப்ளி, கிரீனர் துப்பாக்கிகளின் விலை ஏறியது. அவை சிறந்தவை என்று யாரும் புதிதாகக் கண்டறிந்துவிடவில்லை. வரத்து நின்றது, விலை ஏறியது. இப்படிப் பயன்பாட்டுக்கு இடமில்லாத சமூகத்தில் துப்பாக்கியின் பெயர் நிகழ்ச்சிகளைப் பற்றிக்கொண்டே வாழும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதன் தரத்தைச் சோதித்தறிந்த தமிழர் மிகச் சிலரே. பெயரோ நூறாண்டு கடந்தும் வரலாற்று நூல்களில் நிற்கிறது.

இதற்கு நேர்மாறானது இன்சாஸின் கதை. அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகம் வடிவமைத்து, இச்சாப்பூர், கான்பூர், திருச்சித் தொழிற்சாலைகளில் உருவான 5.56 மி.மீ. ரைபிள் இது. படைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே 1999 கார்கில் போர் மூண்டது. உறைபனியில் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் கண்டன. மும்மூன்றாகச் சுட வேண்டியது தொடர்ந்து சுட்டுத் தள்ளியதாகவும், சுடுபவர் கண்ணில் எண்ணெய் தெறித்ததாகவும் புகார்கள் வந்தன. 2005-இல் மாவோயிஸ்டுகளோடு நடந்த மோதலுக்குப் பின் நேபாள ராணுவமும் குறை சொன்னது. பராமரித்த விதத்தில்தான் தவறு என்றது இந்தியத் தரப்பு. இடையே 1பி1 என்ற திருத்திய வடிவம் வந்தது, மேகசினும் மேம்பட்டது. எந்தக் குறை எவ்வளவு நீங்கியது என்பதை மட்டும் மக்கள் முன் விரிவாக வைத்தவர் எவருமில்லை. செய்தவரும் அரசு, வாங்கியவரும் அரசு, சோதித்தவரும் அரசு. ரைபிள் திருந்தியது, பெயர் திருந்தவில்லை. 2019-இல் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 ரைபிள்கள் கேட்கப்பட்டன. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 ரைபிள்களை அமேதி அருகே கோர்வாவில் செய்ய ரஷ்யாவோடு ஒப்பந்தமானது.

நல்ல ரைபிளாக இருந்திருந்தால் பெயர் தானே நின்றிருக்கும் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அமெரிக்காவின் எம்-16 அந்த மறுப்பை வலுவிழக்கச் செய்கிறது. வியட்நாமில் அது சிக்கிக்கொண்டதால் வீரர்கள் இறந்தார்கள். தோட்டாவின் மருந்து மாற்றப்பட்டிருந்தது, தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை, துடைக்கும் கருவிகள்கூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து, ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடி அறிக்கை வெளியிட்டது. பூச்சும் கருவிகளும் வந்தன, அந்த வடிவம் இன்றும் தொடர்கிறது. பிரிட்டனின் எல்85 இன்சாஸைவிடப் பெரிய கேலிக்கு ஆளானது. 2000-த்தை ஒட்டி ஹெக்லர் அண்ட் கோச் அதைத் திருத்தியது ஊரறிய நடந்தது. பழைய கறை முழுதும் போகாவிட்டாலும் படை அதைக் கைவிடவில்லை. மூன்றும் குறையோடு பிறந்தவைதான். திருத்தம் வெளிச்சத்தில் நடந்த இரண்டும் பிழைத்துக்கொண்டன.

திருச்சித் தொழிற்சாலைக்கு இது பழங்கதை அல்ல. 1966-இல் தொடங்கிய அத்தொழிற்சாலை ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ என்று தன் ஊரின் பெயரையே ஒரு துப்பாக்கிக்குச் சூட்டியிருக்கிறது. ஏகே-203 சுடும் அதே 7.62×39 தோட்டாவைத்தான் இதுவும் சுடுகிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களானபோது, திருச்சி அவற்றுள் ஒன்றான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல்.-இன் கீழ் வந்தது. இனி அது விலை சொல்லி விற்க வேண்டிய கம்பெனி. கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பட்டாளத்துக்கும் சி.ஆர்.பி.எஃப்.புக்கும் போகிற பிள்ளைகள் இந்த இரண்டில் எதை ஏந்தப் போகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கும் சோதனைகளில் எத்தனை ஆயிரம் குண்டுக்கு எத்தனை முறை சிக்கியது, குளிரிலும் சேற்றிலும் எப்படி நடந்துகொண்டது என்ற கணக்கு இருக்கும். அதில் ராணுவ ரகசியமாக ஒளிக்க வேண்டியவை குறைவு. அந்தக் கணக்கை நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு கேட்டு வாங்கி அச்சிட வேண்டும்.