தேய்ந்தும் தீராத நீலம்

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் தாண்டிப் போனால் படாளம். சர்க்கரை ஆலை உள்ள ஊர் என்றால் பலருக்கும் தெரியும். அங்கே ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில், வேப்பமர நிழலில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று கதவுகளின் உள்பக்கப் பலகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எலும்புக்கூடாக நின்றது. நண்பரின் அப்பா டாக்டர். 1970-ல் வாங்கிய வண்டி. நள்ளிரவில் பிரசவம் என்று ஆள் வந்தால் இதில்தான் கிளம்புவாராம்.

கயிற்றுக் கட்டிலில் நான்கு பலகைகளும் கிடந்தன. மூன்று வெளுத்த நீலம். நான்காவது, சொறி பிடித்த மாதிரி இருந்தது.

‘‘ஸ்ப்ரே டப்பா வாங்கி நானே அடிச்சேன் சார். ரெண்டே மாசம்! பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு.’’

‘‘புதுசா வாங்கி மாட்டிட வேண்டியதுதானே?’’

மனிதர் சிரித்துவிட்டார். ‘‘செஞ்ச கம்பெனி இருந்தாத்தானே!’’

நியாயமான பதில். இதே சாலையில் வண்டலூர் பக்கம் இயங்கிய தொழிற்சாலையில் பிறந்த கார் அது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-ல் பிரிட்டிஷ் கம்பெனியின் கூட்டோடு தொடங்கிய நிறுவனம். 1961-ல் ஹெரால்டு வந்தது. மிச்செலோட்டி என்கிற இத்தாலியர் வரைந்த உருவம். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது. சீமையில்கூட கிடையாது! பிறகு கெஸல் வந்தது, 1977-ல் போனது. 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு பெரிய காரை இறக்கினார்கள். உடம்பு புதுசு, உள்ளே பழைய வேன்கார்டு இன்ஜினின் வாரிசு. மூன்றே வருடத்தில் கடை மூடப்பட்டது.

கம்பெனி போனது. கூடவே அந்த நீலமும் போனது. மறைமலை நகரில் 1990-களில் வந்த ஃபோர்டு, 2022-ல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்தியது. அந்தக் கார்களை வைத்திருப்பவர்களும் ஒருநாள் இப்படிக் கொல்லையில் உட்கார நேரலாம்.

சரி, பெயிண்ட் ஏன் உரிந்தது?

அதற்கு ரெக்ஸினின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில், மான்செஸ்டர் அருகே தோன்றிய சரக்கு அது. பருத்தித் துணிமேல் நைட்ரோ செல்லுலோஸைப் பூசித் தோல்போல ஆக்கினார்கள். நைட்ரோ செல்லுலோஸ் வேறு யாருமில்லை, வெடிமருந்தின் நெருங்கிய சொந்தம்! அமெரிக்காவில் வெடிமருந்து செய்துவந்த டூபான்ட் கம்பெனி, 1923-ல் அதையே கார் பெயிண்ட்டாக்கியது. பெயர் டூக்கோ. அதுவரை ஒரு கலர் காரின் பூச்சு காய வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ சில மணி நேரத்தில் காய்ந்தது. இன்றைக்கும் நம் மெக்கானிக்குகள் ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பதை ‘டூக்கோ’ என்றுதான் சொல்கிறார்கள்.

பிற்பாடு ரெக்ஸினில் பூச்சு பி.வி.சி. ஆனது. பேர் மட்டும் மாறவில்லை. வளையும் பொருள் அது. அதன்மேல் இரும்புக்கு அடிக்கும் விறைப்பான பெயிண்ட்டை அடித்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? வினைலுக்கென்று விற்கிற ‘டை’ பெரும்பாலும் பெயிண்ட்தான். ஆனால், அதிலுள்ள கரைப்பான் வினைலின் மேல்தோலைக் கொஞ்சம் இளக்கி நிறத்தைப் பிடிக்க வைக்கும். காய்ந்தபிறகும் வளைந்து கொடுக்கும். இன்றைய கார்களில் உள்ள பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் இன்னும் முரண்டு. தனி பிரைமர் அடிக்காவிட்டால் எதையும் ஒட்ட விடாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வில்லன் உண்டு... டேஷ்போர்டு பளபளக்கத் தடவுகிற சிலிக்கான் பாலிஷ். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பெயிண்ட் அங்கங்கே குழிந்து விலகும், உரியும். நண்பர் பல வருடம் ஆசை ஆசையாகத் தடவியிருக்கிறார்!

நிறத்தைவிட அது பிடிப்பதற்கான தயாரிப்புதான் முக்கியம். இது இந்த மண்ணுக்குத் தெரியாத பாடமா என்ன? பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த ஊர். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் எடுத்த எடுப்பில் துணியில் கலரைப் போட மாட்டார்கள். முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறப்போடுவார்கள். பிறகு படிகாரக் கரைசலால் சித்திரம் எழுதுவார்கள். அதன்பின் சாயவேரோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். துவைத்தாலும் போகாது. 1742-ல் கூர்தூ என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் தொழில்முறையைக் கேட்டறிந்து விலாவாரியாகக் கடிதம் எழுதி அனுப்பினார்.

ஐரோப்பியப் பெரிய மனிதர்களின் படுக்கை, திரை எல்லாம் இந்தத் துணிதான். உள்ளூர் நெசவாளர்கள் கொதித்துப் போக, பிரான்ஸ் 1686-ல் அச்சுத் துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1721-ல் உடுத்தவும் கூடாது, வீட்டுச் சாமானுக்கும் ஆகாது என்று சட்டமே போட்டது. கடுக்காய்க்கு அவ்வளவு பலம்!

நண்பர் இந்த முறை அவசரப்படவில்லை. சோப்புத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவினார். உலர்ந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்தார். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வெளியில் தெரியாத மூலையில் முதலில் அடித்துப் பார்த்தார். பிறகு மெல்லிய பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. டிரைவர் பக்கத்துப் பலகையை மட்டும் கடைசிக்கு ஒதுக்கினார். அப்பாவின் முழங்கை பட்டுப் பட்டு நீலம் போன இடம் அதில் இருந்தது. ‘‘இது ஒண்ணைக் கெடுத்தா வேற கிடையாது சார்.’’

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் கணக்கிடக் குறைந்து செல் இருப்பு முறை என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். வருடாவருடம் மீதியில்தான் சதவிகிதம் கழிக்க வேண்டும். எத்தனை வருடம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடாது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன்.

அர்த்தம் படாளத்தில்தான் புரிந்தது.